எக்ஸ்பீரியன்ஸ் டாகெட்டுக்கு யார் எழுந்து நிற்பது

க்ராஸ்பி நெக்கில் சுவருக்குப் பெயிண்ட் வேண்டுமென்றாலும் நெட்டி க்ரோவலிடம்தான் போகவேண்டும். தன் பூட்டன் கப்பலில் வந்தவன் என்று நிரூபிக்கவேண்டுமென்றாலும் நெட்டி க்ரோவலிடம்தான் போகவேண்டும். பெயிண்ட் கேட்டு வந்தவர்கள் பெயிண்டோடு திரும்புவார்கள். பூட்டனைக் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் இருந்த பூட்டனையும் இழந்துவிட்டுத் திரும்புவார்கள்.

அந்தக் கப்பலுக்கு ‘ஹோப்ஃபுல் ஜூடித்’ என்று பெயர். ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. ஜூடித் என்றால் போதும், ஏதோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. 1635-இல் இங்கிலாந்திலிருந்து அறுபத்துச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு வந்து, மாசசூசெட்ஸ் கரையில் இந்த மணல்மேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. இறங்கியவர்களில் பாதிப் பேர் முதல் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. தாண்டியவர்கள், செத்தவர்களுக்கும் சேர்த்துப் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளினார்கள். அதன் பலனை நெட்டி சனிக்கிழமைதோறும் அனுபவித்தாள்.

சனிக்கிழமை ஹார்டுவேர் கடையில் கூட்டம் நிற்கும். ஒருவர் கையில் ஆணி, இன்னொருவர் கையில் வம்சாவளி. ஜூடித் வம்சாவளிச் சங்கத்தில் யார் சேரலாம், யார் சேரக்கூடாது என்று பார்த்துச் சொல்லும் வேலை நெட்டியுடையது. சம்பளம் கிடையாது. வருடக் கடைசியில் ஒரு பழக் கேக் கொடுப்பார்கள், அதையும் வெட்ட வாள் வேண்டும்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. கல்லூரியில் ஒரு பருவம் படித்தாள், அம்மா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தாள், வந்தவள் வந்தவள்தான். புருஷன் ஒருத்தன் இருந்தான். ஃப்ளோரிடாவில் ஒரு படகை விற்றுவிட்டு வருகிறேன் என்று போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. உயிரோடிருக்கும் ஒருத்தன் எங்கே போனான் என்று கண்டுபிடிக்க முடியாதவள், நானூறு வருடத்துக்கு முன்னால் செத்தவன் எந்தத் தெருவில் மாடு கட்டினான் என்பதைத் துல்லியமாகச் சொல்வாள். ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும். அவள் காதில் விழாத தூரத்தில்தான்.

அவளுக்கு உயிரோடிருப்பவர்கள் மேல் இருந்த எரிச்சலை விட, செத்தவர்கள் மேல் இருந்த எரிச்சல் அதிகம். ஆண்களில் பாதிப் பேர் ஜான், மிச்சம் பாதிப் பேர் தாமஸ். போதாக்குறைக்கு அந்தக் காலத்து வழக்கம் ஒன்று: ஒரு பிள்ளை செத்துப்போனால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். தாமஸ் டாகெட் என்பவர் சாமுவேல் என்ற பெயரை மூன்று பிள்ளைகளுக்கு வைத்தார். முதல் இரண்டும் தொட்டிலிலேயே போயின. மூன்றாமவன் பிழைத்தான், கல்யாணம் செய்தான், தன் மூத்த மகனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தான். அந்தத் தாமஸ் கையில் கிடைத்திருந்தால் நெட்டி அவரைப் பெயிண்ட் குலுக்கும் இயந்திரத்தில் மாட்டிவிட்டிருப்பாள்.

தாமஸ் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்தப் பூட்டன்தான். ஆனால் அவர் ஜூடித்தில் வந்தவரில்லை. இரண்டு வருடம் கழித்து இன்னொரு கப்பலில் வந்தார். அந்த இரண்டாம் கப்பல்காரர்களின் வம்சத்தை ஊரில் இன்றைக்கும் ‘பிந்தி வந்தவங்க’ என்றுதான் சொல்வார்கள். நானூறு வருடத்தில் இரண்டு வருடம் பிந்தினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு என்ன தெரியும்.

நெட்டி குடும்பத்தைக் காப்பாற்றியது தாமஸின் மகள். தாமஸின் மனைவி அப்போது நிறைமாதம். கப்பல் ஏற முடியாது. அதனால் நாலு வயது மகளை மட்டும் சித்தப்பா சித்தியோடு ஜூடித்தில் முன்னால் அனுப்பிவைத்தார்கள். அந்தக் குழந்தையின் பெயர் எக்ஸ்பீரியன்ஸ். நாலு வயதில் என்ன எக்ஸ்பீரியன்ஸ் இருந்துவிடப்போகிறது, ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, பெற்ற பிள்ளைகளின் வழியில்தான் நெட்டியும், நெட்டியின் அப்பா ஆல்வாவும், ஊரில் இன்னும் முப்பது பேரும் ஜூடித் வம்சம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தார்கள்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் விருந்து நடக்கும். சுட்ட பீன்ஸ், பழுப்பு ரொட்டி, பன்றித் தொடை. சாப்பிடுவதற்கு முன்னால் கப்பலில் வந்த ஒவ்வொருவர் பெயரையும் தலைவர் கூப்பிடுவார். அந்த ஆளின் வம்சத்தார் எழுந்து நிற்பார்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒரு தடவை மணியடிப்பார், நின்றவர்கள் உட்காருவார்கள். சந்ததி இல்லாமல் செத்தவர்களின் பெயருக்கு யாரும் எழுந்திருக்கமாட்டார்கள், மணியும் கிடையாது. தலைவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

இந்த வருடம் மணி ஆல்வாவுக்கு. எண்பத்தெட்டு வயது, முட்டி இரண்டும் போய்விட்டன, வாழ்நாள் முழுக்கக் கடலில் லாப்ஸ்டர் பிடித்தவர். அவருக்கு முன்னால் லவீஸா என்ற கிழவி அந்த மணியைப் பிடித்துக்கொண்டு, தொண்ணூற்றெட்டு வரை சாகாமல் இழுத்தடித்தாள். ஜனவரியில்தான் மனம் வைத்தாள். அடக்கத்துக்குப் போய்வந்த ஆல்வா அன்றைக்கே கோட்டைச் சலவைக்குப் போட்டார்.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நெட்டிக்குப் பல் வலித்தது.

ஊரில் ஒரே பல் டாக்டர் லைமன் கஹூன். போன மாதம்தான் அவருடைய விண்ணப்பத்தை நெட்டி திருப்பி அனுப்பியிருந்தாள். தன் முன்னோர் ஹன்னா ஜூடித்தில் வந்தவள் என்று அவர் எழுதியிருந்தார். அந்த ஹன்னாவாக இருந்தால் ஐம்பத்துநாலு வயதில் பிள்ளை பெற்றிருக்கவேண்டும். ‘இவள் வேறு ஹன்னா’ என்று எழுதிப் போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். நெட்டி நிறுத்தவில்லை. கடையில் நாலு பேர் முன்னால், “அம்பத்திநாலு வயசுல பெத்தெடுக்க அவ என்ன பைபிள்ல வர்ற சாராளா?” என்று கேட்டுவிட்டாள்.

“வாயத் தொறங்க நெட்டி,” என்றார் லைமன். “இன்னும் பெரிசா. அன்னிக்குக் கடையில தொறந்தீங்களே, அந்தளவுக்கு.”

ஊசி போட்டார். உதடு மரத்தது. கண்ணாடி, கொக்கி, பஞ்சு, உறிஞ்சு குழாய் எல்லாம் உள்ளே போன பிறகு பேச்சை ஆரம்பித்தார்.

“சும்மா வீட்ல உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன். தப்பா நெனைக்காதீங்க. கப்பல் வந்தப்ப உங்க எக்ஸ்பீரியன்ஸ் டாகெட்டுக்கு நாலு வயசு. சரிதானே?”

“ஆ.”

“அவளோட கடைசிப் பையன் பொறந்தது 1683. நீங்களே போட்ட அட்டவணைல இருக்கு.”

“ஆ.”

“அப்ப அவளுக்கு என்ன வயசு?”

நெட்டியின் கண் மேலே போயிற்று. விளக்கைப் பார்த்தபடி கழித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை கழித்தாள்.

“அம்பத்திரெண்டு,” என்றார் லைமன், துளைக்கும் கருவியை எடுத்தபடி. “எங்காளுக்கு அம்பத்திநாலு, உங்காளுக்கு அம்பத்திரெண்டு. அந்த ரெண்டு வருசத்துலதான் நீங்க உள்ள, நான் வெளிய. பரவால்ல, விடுங்க. எச்சியத் துப்புங்க.”

பாதி வாய் கோணியபடி கடைக்குத் திரும்பினாள். தன் அப்பன் பாட்டன் என்றால் மட்டும் கழித்தல் கணக்கு மறந்துபோகும் என்பதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

உள்ளூரத் தெரிந்துவிட்டது. எக்ஸ்பீரியன்ஸுக்கு இந்த ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது 1638-இல். ஏழு வயதில் ஏன் இவ்வளவு தாமதம் என்று நெட்டி இளம் வயதில் யோசித்ததுண்டு. பெற்றோர் பிந்தி வந்தார்கள், அதனால் சடங்கும் பிந்திவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது இதே சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால், பெயிண்ட் டப்பா மூடியாலேயே தட்டி அனுப்பியிருப்பாள். அது ஏழு வயதுப் பிள்ளையே இல்லை. அப்போதுதான் பிறந்த பிள்ளை. சித்தப்பாவும் சித்தியும் முதல் பனிக்காலத்தில் போனவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தையும் அவர்களோடு போயிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து வந்திறங்கிய தாமஸ், அடுத்துப் பிறந்த பெண்ணுக்குத் தன் வழக்கப்படி அதே பெயரை வைத்துவிட்டார். மூன்று சாமுவேல் வைத்த மனுஷன். அந்தாளிடம் இதை எதிர்பார்க்காமல் வேறு எதை எதிர்பார்ப்பது.

ஆக, கப்பலில் வந்தவள் செத்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் இங்கே பிறந்தவள். ஆல்வா க்ரோவல், நெட்டி க்ரோவல், இன்னும் முப்பது பேர் அத்தனை பேரும் பிந்தி வந்தவர்கள்.

அன்றைக்கு வீட்டுக் கதவுக்கு நீலம் கேட்ட மீன்காரருக்கு நெட்டி ஊதா கலந்து கொடுத்தாள். அந்தக் கதவு இன்னும் ஊதாதான்.

சங்கத் தலைவர் ப்ரென்டிஸ் ஹாலட்டை டோனட் கடையில் பிடித்தாள். காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். கெட்ட சேதியை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை டோனட்டை மெல்லுவதை நிறுத்தாதவர்.

“சரி,” என்றார். “விருந்து முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

“அப்பறம்னா?”

“அப்பறம்னா அப்பறம். நானூறு வருசமா சும்மா இருந்த பொண்ணு, இன்னும் ஒரு வாரம் இருக்கமாட்டாளா?”

“அவ இருப்பா. என்னால முடியாது. லைமன் கஹூன வெளிய நிறுத்திட்டு, எங்கப்பா கையில மணியக் குடுத்தா, நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் தாளத் திருப்பி அனுப்புவேன்?”

“அனுப்பாதீங்க. எல்லாரையும் சேத்துக்கங்க. உங்கள யாரு இவ்ளோ கறாரா இருக்கச் சொன்னது?”

“நீங்கதான். போன வருசம். உங்க மச்சான் வம்சத்தச் சேத்துரக் கூடாதுன்னு.”

ப்ரென்டிஸ் டோனட்டின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். “உங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிக்கங்க. எனக்கு நெஞ்சுவலி இருக்கு.”

வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. ஆல்வா சமையலறையில் உட்கார்ந்து சாஸ்பானைக் கரண்டியால் தட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, நிறுத்தம். ஒரு தட்டு, நிறுத்தம்.

“அந்த லவீஸா என்ன பண்ணுவா தெரியுமா? சவுக்கடி மாதிரி அடிப்பா. நான் பூப்போல அடிக்கப்போறேன், கேளு.”

“அப்பா, கரண்டியக் கீழ வைங்க.”

நெட்டி சொன்னாள். சுற்றி வளைக்காமல், கடையில் வருகிறவர்களுக்குச் சொல்வது போலவே சொன்னாள். அப்படிச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியும். கிழவர் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார்.

“ஏண்டி, நீ ஹார்டுவேர் கடையில வேல பாக்கறியா, போலீஸ்ல வேல பாக்கறியா?”

“கணக்கு இடிக்குதுப்பா.”

“நானூறு வருசமா இடிக்காத கணக்கு, நான் மணியத் தொடப் போறப்பதான் இடிக்குமா? அந்தப் பல்லு டாக்டர்கிட்ட எதுக்குப் போன? என்கிட்டச் சொல்லியிருந்தா கயித்தக் கட்டி நானே புடுங்கியிருப்பேன்ல.”

“அப்பா.”

“அம்பது வருசமா எந்திரிச்சு நின்னுருக்கேன். உங்கம்மா செத்த வருசங்கூட நின்னேன். அப்ப நான் யாருக்குடி நின்னேன்?”

நெட்டியிடம் பதில் இருந்தது, அதுதான் தொல்லை. “அந்தச் செத்துப்போன புள்ளைக்கு,” என்றாள். “தப்பா நின்னீங்க.”

ஆல்வா அதற்குப் பிறகு பேசவில்லை. இரண்டு நாள் முழுக்கப் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், டிவியில் பேஸ்பால் பார்த்தார். ஏதாவது கேட்டால் நாயிடம் பதில் சொன்னார். “அவகிட்டச் சொல்லு, உப்பு பத்தல.” நாய்க்கும் நெட்டிக்கும் அந்த இரண்டு நாளில் நல்ல பழக்கம் ஏற்பட்டது. நெட்டிக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்திரண்டு பேர் பெயரைத் தன் கையால் பட்டியலிலிருந்து அடிக்கப்போகிறாள், அதில் தன் பெயரும் ஒன்று. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நீ செய்தது சரிதான் என்று சொல்லக்கூடாதா. யாரும் சொல்லவில்லை. லைமன் கஹூன்கூடச் சொல்லவில்லை. அடைத்த பல்லை மறுபடி காட்டப் போனபோது தலையைக் குனிந்துகொண்டு, “நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் நெட்டி, இவ்ளோ தூரம் போவீங்கன்னு தெரியாது,” என்று முனகினார்.

மூன்றாம் நாள் காலை ஆல்வா காப்பியை ஆற்றிக்கொண்டே, நாயைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் புள்ளைய அனுப்பி வெச்சாங்களே. அப்பனும் ஆத்தாளும் ரெண்டு வருசம் கழிச்சு வந்து எறங்குறாங்க. கரையில வந்து நின்னது யாரு?”

“யாருக்குத் தெரியும். யாராவது பக்கத்து வீட்டுக்காரங்க நின்னுருப்பாங்க.”

“அவங்களுக்கு முன்னாடியே சேதி போயிருக்குமா?”

“போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.”

“புள்ள பெருசா வளந்திருப்பான்னு, கவுனெல்லாம் பெரிய அளவா தச்சு எடுத்துட்டு வந்திருப்பாங்க,” என்றார் ஆல்வா.

இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது என்று நெட்டி சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

விருந்தன்று கூடம் நிறைந்திருந்தது. பீன்ஸ் வாசனைக்கு ஊரே வரும். காசு கொடுத்துச் சாப்பாட்டுச் சீட்டு வாங்கினால் யாரும் வரலாம், சுவரோரப் பெஞ்சுகள் அவர்களுக்கு. நெட்டி எழுந்து நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்த முப்பது பேர் உட்கார்ந்திருந்த நடுமேசை முழுக்க முகம் சுண்டியது.

“எங்க வீட்டு வாசல்ல பித்தளைத் தகடு அடிச்சு வெச்சிருக்கேன் நெட்டி,” என்றாள் ஒன்றுவிட்ட அக்கா எட்னா. “இப்பக் கழட்டினா நாலு ஓட்ட தெரியும்.”

“ஓட்டைய அடைக்க எங்க கடையில பட்டி இருக்குக்கா.”

“உனக்கு அது ஒண்ணுதான் தெரியும்.”

மணி ப்ரென்டிஸின் மாமியாருக்குப் போயிற்று. அந்த அம்மாளுக்குக் காது கேட்காது. எப்போது அடிக்கவேண்டும் என்று ப்ரென்டிஸ் தோளைத் தொட்டுச் சொல்லவேண்டியிருந்தது. ஆல்வா வரமாட்டார் என்று நெட்டி நினைத்தாள். வந்தார். சலவை செய்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் சாப்பாட்டுச் சீட்டு வாங்கி, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் லைமன் கஹூன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரொட்டிக் கூடையைத் தள்ளிக்கொண்டார்கள்.

பெயர்கள் தொடங்கின. ஜான், ஜான், தாமஸ், ஹன்னா. எழுந்தார்கள், மணியடித்தது, உட்கார்ந்தார்கள். குழந்தையைக் கூட்டிவந்த சித்தப்பா ரிச்சர்ட் டாகெட், சந்ததி இல்லை. அவர் மனைவி, சந்ததி இல்லை.

“எக்ஸ்பீரியன்ஸ் டாகெட்,” என்றார் ப்ரென்டிஸ்.

நடுமேசையில் முப்பது பேர் பீன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ப்ரென்டிஸ் ஒரு மூச்சு விட்டார். அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தார். சுவரோரம் பெஞ்சு கிரீச்சிட்டது. ஆல்வா லைமனின் தோளைப் பிடித்து, பாதி எழுந்து, ஒரு தடவை சறுக்கி, மறுபடி எழுந்து, நின்றார்.

“ஆல்வா,” என்றார் ப்ரென்டிஸ் மெதுவாக. “உக்காருங்க. நீங்க அவ வம்சம் இல்ல.”

“தெரியும்யா. என் மகதான கண்டுபுடிச்சா.”

“அப்பறம் எதுக்கு நிக்கிறீங்க?”

“என் பாட்டியோட பாட்டியோட பாட்டி, அப்படியே போய், அவளுக்குக் கூடப் பொறந்த அக்கா. அத்தன பாட்டியையும் எண்ணினா பீன்ஸ் ஆறிப்போயிரும். சுருக்கமா எனக்குப் பெரியம்மான்னு வெச்சுக்க.”

“நாலு வயசுல செத்துப்போச்சு ஆல்வா அது.”

“நாலு வயசுப் பெரியம்மா. ஏன், இருக்கக்கூடாதா? அவளுக்குன்னு யாரும் இல்லல்ல. அதான் நான் வந்தேன்.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்தினார்கள். ப்ரென்டிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நெட்டியைப் பார்த்தார். “நெட்டி, விதி என்ன சொல்லுது?”

விதியை எழுதியதே நெட்டிதான். நேர் வம்சம் மட்டும். அண்ணன் தம்பி அக்கா தங்கை வழி செல்லாது. அப்படி விட்டால் ஊரில் நாய் பூனைதான் பாக்கி. இதே காரணத்துக்காகத் தன் கையால் திருப்பி அனுப்பிய ஏழெட்டுப் பேர் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவள் பக்கம் திரும்பவேயில்லை. லைமனின் தோளை விடவுமில்லை. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் நாயிடம் பேசியவர், இன்றைக்கு ஊர் முன்னால் மானத்தை வாங்க வந்திருக்கிறார். பெரிய அளவுக் கவுன் ஒன்று, யாரும் போட்டுக்கொள்ளாத கவுன், அவளுக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது.

“விதிப்படி செல்லாது,” என்றாள்.

“கேட்டீங்களா ஆல்வா?”

“மணி கிடையாது,” என்றாள் நெட்டி. “பதிவு கிடையாது. நாளைக்கு யாராவது ஆல்வா நின்னாரு, நானும் நிக்கிறேன்னு கடைக்கு வந்தீங்க, தொலச்சிருவேன்.” பிறகு ப்ரென்டிஸிடம் சொன்னாள், “ஆனா நிக்கக்கூடாதுன்னு நான் எங்கயும் எழுதல. அடுத்த பேரக் கூப்பிடுங்க. அந்த முட்டிய வெச்சுக்கிட்டு அவர் உக்காரணும்னா ரெண்டு பேர் பிடிக்கணும், சாப்பாடு ஆறுது.”

ப்ரென்டிஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யார் யாரோ எழுந்தார்கள், காது கேட்காத அம்மாள் மணியடித்தாள், உட்கார்ந்தார்கள். ஆல்வா மட்டும் உட்காரவில்லை. ஒன்பது பெயர் வரைக்கும், தேவாலயத்துக் கம்பம் மாதிரி, லைமனின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கடைசியில் நெட்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு நடுமேசையை விட்டு எழுந்து, சுவரோரப் பெஞ்சுக்குப் போய், கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“போதும், உக்காருங்க.”

“கை குடுடி முதல்ல,” என்றார் ஆல்வா.